பழைய மொழி, புதிய பதிப்பு: மலையகத்தில் இருந்து ஜாவா படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் டிப்ளோமா முடித்துவிட்டுக் கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பலரோடு பேசியிருக்கிறேன். லூப், அரே, இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் "ஜாவாவில் எந்தப் பதிப்பு பாவிக்கிறீர்கள்?" என்று கேட்டதும் தடுமாறிப் போகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. பழைய நோட்ஸையே வருடா வருடம் போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கிற வகுப்பில் வேறு எதைத்தான் படிப்பது?

ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. இதை வாசிக்கிற பலரைவிட அது வயதில் மூத்தது. இவ்வளவு காலம் ஓடிவிட்ட ஒரு மொழியில், புதிதாக வருவதை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் போதாது. எது வழக்கொழிந்தது, ஏன் ஒழிந்தது, அதன் இடத்துக்கு என்ன வந்தது என்பதுதான் வேலைக்குப் போகிறவருக்கு அதிகம் உதவும். இதற்கு நாள் முழுக்க இணையமும் தேவையில்லை. சிக்னல் ஒழுங்காக விழாத டிவிஷனில் இருந்தாலும், மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் செய்யலாம். வேண்டிய பொருளை டவுனுக்குப் போகும்போது ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், மிச்சம் எல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும்.

ஏ.எல்.லில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்து பைத்தனோடு வந்தவர்களுக்கும் கீழே சொல்லும் முறை ஒத்துவரும். ஜாவாவை நான் எடுத்ததற்குக் காரணம், கொழும்பு மென்பொருள் கம்பெனிகளில் அதற்கு உள்ள வேரூன்றிய இடம்.

முதல் படி: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

டெர்மினலைத் திறந்து ஜாவா பதிப்பைக் கேளுங்கள். 1.8 என்று தொடங்கினால் அது எட்டாம் பதிப்பு. பழைய எண் முறையில் அப்படித்தான் காட்டும். அது 2014 மார்ச்சில் வந்தது. நிறைய வகுப்புகள் இன்னும் நிற்பது அங்கேதான்.

2017 செப்டெம்பரில் ஒன்பதாம் பதிப்பு வந்த பிறகு ஜாவா தன் கால அட்டவணையை மாற்றிக்கொண்டது. அதற்கு முன் ஒரு பதிப்புக்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது ஆறு மாதத்துக்கு ஒன்று, மார்ச்சிலும் செப்டெம்பரிலும் தவறாமல் வருகிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எல்லாப் பதிப்பையும் கம்பெனிகள் எடுப்பதில்லை. நீண்டகாலப் பராமரிப்பு கிடைக்கிற பதிப்புகளைத்தான் எடுக்கின்றன. அவை 8, 11, 17, 21, 25. பதினேழு 2021 செப்டெம்பரில் வந்தது, இருபத்தொன்று 2023 இல், இருபத்தைந்து 2025 இல். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று இந்த வரிசை போகிறது. இந்த ஐந்து எண்களையும் ஆண்டுகளோடு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யாராவது ஒரு கோட் காட்டினால் அது எந்த இரண்டு எண்களுக்கு இடையில் எழுதப்பட்டது என்று கணிக்கிற பழக்கம் இதிலிருந்துதான் வரும்.

இரண்டாம் படி: ஒரே தடவையில் இறக்கிக்கொள்ள வேண்டியவை

படிப்பதற்கு 25 ஐ எடுங்கள். வேலை செய்யும் இடத்தில் 17 என்றால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணினியில் இரண்டு பதிப்புகள் சண்டை பிடிக்காமல் இருக்கும். டெமுரின், கொரெட்டோ என்று பல பெயர்களில் இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் ஓபன் ஜேடிகே என்ற ஒரே மூலத்தில் இருந்து கட்டப்பட்டவைதான். எதை எடுப்பது என்று நாட்கணக்கில் யோசிக்கத் தேவையில்லை. ஒரு பதிப்பு ஏறத்தாழ 200 எம்பி வரும்.

அதோடு அந்தப் பதிப்பின் ஆவணத் தொகுப்பையும் சிப் கோப்பாக இறக்கிவிடுங்கள். இணையம் இல்லாத நேரத்தில் எந்தக் கிளாஸில் என்ன மெதட் இருக்கிறது என்று பார்க்க இது வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஜேடிகே, அதாவது நீங்கள் இறக்கிய ஜாவா கருவித் தொகுப்பின் ஃபோல்டருக்குள், லிப் என்ற ஃபோல்டரில் சோர்ஸ் சிப் கோப்பு ஒன்று கிடக்கும். ஜாவாவின் முழு அடிப்படை லைப்ரரியும் அதற்குள் மூலக் கோடாகவே இருக்கிறது. ஹாஷ்மேப் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அரேலிஸ்ட் இடம் போதாமல் போகும்போது எப்படி விரிகிறது என்று அதை எழுதியவர்களின் கையாலேயே வாசிக்கலாம். பிற்காலத்தில் சேர்ந்த மெதட்டுகளின் மேல் அவை எந்தப் பதிப்பில் சேர்ந்தன என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்கும். காசு கட்டிப் படிக்கிற எத்தனையோ பாடங்களைவிட இந்தக் கோப்பை நான் மேலாக மதிக்கிறேன்.

மூன்றாம் படி: செய்தியை விட்டுவிட்டு ஜெப் வாசியுங்கள்

ஜாவாவில் ஒரு பெரிய மாற்றம் வருவதென்றால் அதற்கு முன் ஒரு முன்மொழிவு எழுதப்படும். அதைத்தான் சுருக்கமாக ஜெப் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ரெக்கார்டுக்கு 395, ஜாவாவே நிர்வகிக்கிற இலேசான த்ரெட்டான வேர்ச்சுவல் த்ரெட்டுக்கு 444. சாதாரண எழுத்துப் பக்கம்தான், டேட்டா ஒன்றும் பெரிதாக இழுக்காது. பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு லயத்து வாசலில் இருந்தும் வாசிக்கலாம்.

தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பக்கம் என்றதும் ஒரு தயக்கம் இருக்கும். அது எனக்கும் தெரிந்த தயக்கம். ஆனால் எல்லா ஜெப்பும் ஒரே சட்டகத்தில் எழுதப்படுகிறது: சுருக்கம், இலக்கு, இலக்கல்லாதவை, நோக்கம், விவரிப்பு, பரிசீலித்த மாற்று வழிகள். முதல் தடவை சுருக்கத்தையும் நோக்கத்தையும் மட்டும் வாசியுங்கள். இதுவரை எழுதிய முறையில் என்ன தொல்லை இருந்தது என்று நோக்கம் என்ற பகுதி விளக்கும். அந்தத் தொல்லையை நீங்களும் பட்டிருந்தால் மிச்சம் தானாகப் புரியும். இரண்டு மூன்று வாசித்த பின் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

ரெக்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கை ஒரு புரோகிராமாக எழுதுகிறீர்கள். ஆளின் பதிவு எண், திகதி, கிலோ என்று மூன்று தகவல். பழைய முறையில் மூன்று பிரைவேட் ஃபீல்ட், ஒரு கன்ஸ்ட்ரக்டர், மூன்று கெட்டர், ஈக்வல்ஸ், ஹாஷ்கோட், டூஸ்ட்ரிங் என்று ஒரு பக்கம் நிரம்பும். இதில் ஈக்வல்ஸில் ஒரு ஃபீல்டை விட்டுவிட்டால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை போட்ட கொழுந்தை ஒன்றாக எண்ணுகிற பிழை வரலாம், அதைக் கண்டுபிடிக்க இரவு முழுக்கப் போகும். ரெக்கார்டில் அது எல்லாம் ஒரே வரி. மிச்சத்தைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். கிலோ பூச்சியத்துக்குக் கீழே வரக்கூடாது என்ற சோதனையை மட்டும் நீங்கள் கன்ஸ்ட்ரக்டருக்குள் போட்டால் சரி. 2021 மார்ச்சில் பதினாறாம் பதிப்பில் இது நிலையான அம்சமாக வந்தது.

நிலையானது என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜாவாவில் புதிய அம்சம் சில தடவை முன்னோட்டமாக வெளிவரும். ரெக்கார்டுகூட 14, 15 ஆம் பதிப்புகளில் முன்னோட்டமாகத்தான் இருந்தது. முன்னோட்டத்தில் இருப்பது மாறலாம், காணாமலும் போகலாம். ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் என்று ஒன்று 21 இலும் 22 இலும் முன்னோட்டமாக வந்தது. 23 இல் அதை முழுதாகத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதைப் புதுமை என்று பாடம் நடத்திய வீடியோக்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஆகவே ஒரு ஜெப்பைத் திறந்ததும் அது முன்னோட்டமா என்று தலைப்பிலேயே பாருங்கள். முன்னோட்டம் என்றால் வீட்டில் பரீட்சித்துப் பாருங்கள், வேலையில் தொடாதீர்கள்.

நான்காம் படி: வாசித்ததைக் கையால் செய்து பாருங்கள்

ஒன்பதாம் பதிப்பில் இருந்து ஜேஷெல் என்ற கருவி ஜேடிகேயோடு சேர்ந்தே வருகிறது. ஒரு வரியை எழுதி என்டர் தட்டினால் உடனே விடை. ஒரு கிளாஸ், ஒரு மெயின் மெதட் என்று எதையும் கட்டத் தேவையில்லை. இணையமும் வேண்டாம்.

எங்கள் நாட்டவர் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டிய பரீட்சை ஒன்று இருக்கிறது. தேவையான இம்போர்ட் வரியைக் கொடுத்துவிட்டு, ஆசியா/கொழும்பு என்ற நேர வலயத்தை எடுங்கள். அதன் விதிகளிடம் 2000 ஜனவரி 1 ஆம் திகதிக்கு உலக நேரத்தில் இருந்து எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். ஐந்தரை மணி வராது, ஆறு மணி வரும். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 1996 மே மாதத்தில் இலங்கை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி ஆறரை ஆக்கியது, அதே வருடம் ஒக்டோபரில் ஆறாகக் குறைத்தது, 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. இந்தச் சரித்திரம் முழுதும் ஜாவாவின் நேர விதிகளுக்குள் இருக்கிறது. ஐந்தரை என்று கையால் கூட்டி எழுதிய கணக்கு அந்தப் பத்து வருடத்துக்கும் பிழையாக இருக்கும். பழைய டேட், கேலண்டர் கிளாஸ்களை விட்டுவிட்டு 2014 இல் வந்த ஜாவா டைம் தொகுதிக்கு மாறுங்கள் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதை இப்படி நாட்டுக் கணக்கிலேயே வைத்துப் பார்த்தால் மறக்காது.

இரண்டாவது பரீட்சை தமிழ் எழுத்துப் பற்றியது. 'கொழுந்து' என்று ஒரு ஸ்ட்ரிங் எழுதி அதன் நீளத்தைக் கேளுங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்து, ஜாவா பொதுவாக 8 என்று சொல்லும். உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. பெயரை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று ஒரு பழைய கோட் சொன்னால், தமிழ்ப் பெயர் கொம்பும் காலும் இழந்து நிற்பது இதனால்தான்.

அடுத்து அந்தச் சொல்லை ஒரு கோப்பில் எழுதுங்கள். பழைய பதிப்போடு விண்டோஸில் ஃபைல்ரைட்டரை வைத்து எழுதினால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகப் போகும். விண்டோஸின் உள்ளூர் எழுத்துக் குறியீட்டை ஜாவா எடுத்துக்கொண்டதுதான் காரணம். 2022 மார்ச்சில் வந்த பதினெட்டாம் பதிப்பில் இருந்து எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 தான் இயல்பு. ஜெப் 400 இதைச் சொல்கிறது. திரையில் அச்சிடும்போது மட்டும் விண்டோஸ் டெர்மினல் இன்னும் சில இடங்களில் கேள்விக்குறி காட்டலாம். கோப்பு சரியாக இருந்தால் உங்கள் கோட் சரி, டெர்மினலைத்தான் பார்க்க வேண்டும். தமிழில் டேட்டா வைத்திருக்கும் எவருக்கும் எட்டில் இருந்து மேலே வர இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

ஐந்தாம் படி: எதைக் கைவிடுவது?

வருடக் கணக்கில் வளர்ந்த தேயிலையைக் கவாத்து வெட்டுவது போல, ஜாவாவும் பழைய கிளைகளை இப்போது வெட்டத் தொடங்கியிருக்கிறது. முதலில் இதைப் பாவிக்காதீர்கள் என்று குறி போடுவார்கள். பிறகு நீக்கப் போகிறோம் என்று எச்சரிப்பார்கள். கடைசியில் எடுத்தே விடுவார்கள். பிரவுசருக்குள் ஓடிய ஆப்லெட்டுக்கு 2017 இலேயே குறி விழுந்தது. நாஷோர்ன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் 15 இல் போய்விட்டது. உங்கள் நோட்ஸில் ஆப்லெட் பாடம் இருந்தால் அந்தப் பக்கங்களை அப்படியே தாண்டிவிடுங்கள்.

நேர்முகப் பரீட்சையில் ஒரு கோடைக் காட்டி இதில் என்ன மாற்றுவீர்கள் என்று கேட்பது சகஜம். வெக்டர், ஹாஷ்டேபிள் கண்டால் அரேலிஸ்ட், ஹாஷ்மேப். கோப்பைத் திறந்து ஃபைனலி பகுதியில் மூடுகிற நீண்ட கோடைக் கண்டால் 2011 இல் ஏழாம் பதிப்பில் வந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ். புதிய இன்டிஜர் என்று கன்ஸ்ட்ரக்டரால் எண் செய்திருந்தால் வேல்யூஆஃப். ஃபைனலைஸ் மெதட் எழுதியிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இவற்றில் பாவிக்காதீர்கள் என்று குறி விழுந்தவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. கம்பைலரின் லின்ட் எச்சரிக்கை எல்லாவற்றையும் திறந்துவிட்டு உங்கள் பழைய அசைன்மென்ட் ஒன்றைக் கம்பைல் செய்யுங்கள். எச்சரிக்கை வரிகளாகக் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் ஆவணத்திலேயே இருக்கிறது, பெரும்பாலும் பதிலாக எதைப் பாவிப்பது என்றும் எழுதியிருப்பார்கள்.

ஆலோசனைக்கும் வயதாகிறது, இதை மறக்க வேண்டாம். 21 இல் வேர்ச்சுவல் த்ரெட் வந்தபோது, அதற்குள், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையக்கூடிய சிங்க்ரனைஸ்ட் பகுதியில் காத்திருந்தால் அடியில் ஓடும் உண்மையான த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், ஆகவே அதைத் தவிருங்கள் என்று எல்லோரும் எழுதினார்கள். அப்போது அது சரி. 2025 மார்ச்சில் 24 ஆம் பதிப்பு ஜெப் 491 மூலம் அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. 21 இல் வேலை செய்கிறவருக்கு அந்தப் பழைய ஆலோசனை இன்றும் செல்லும், 25 இல் இருப்பவருக்குத் தேவைப்படாது. எதை வாசித்தாலும் எந்தத் திகதியில், எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். திகதி போடாத பாடத்தை நான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதில்லை.

ஆறாம் படி: சுற்றியுள்ள கருவிகள்

மொழியைவிட வேகமாக மாறுவது லைப்ரரிகள்தான். லைப்ரரிகளை இறக்கிப் புரொஜெக்டைக் கட்டித்தரும் கருவிகள் மேவன், கிரேடில், இரண்டில் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். தொடங்குகிறவருக்கு நான் மேவனைச் சொல்வேன், கம்பெனிகளில் அதிகம் எதிர்ப்படுவதும் அதுதான். சிக்னல் உள்ள இடத்தில் ஒரு தடவை புரொஜெக்டைக் கட்டிவிட்டால் எல்லா லைப்ரரியும் உங்கள் கணினியில் உள்ள மேவன் சேமிப்பகத்துக்குள் வந்துவிடும். பிறகு ஆஃப்லைன் தெரிவோடு கட்டலாம். டவுனுக்குப் போகிற நாளில் புதிய லைப்ரரிகளை இறக்குவது, வீட்டில் எழுதுவது என்று பிரித்துக்கொண்டால் டேட்டா காசு மிச்சம். சோதனைக்கு ஜேயூனிட். எடிட்டர் எதுவானாலும் பரவாயில்லை, அந்த விவாதத்தில் நேரத்தைப் போடாதீர்கள்.

வேலை விளம்பரங்களில் அதிகம் வருவது, சேர்வரில் ஓடும் புரோகிராம்களை எழுதப் பாவிக்கிற ஸ்பிரிங் பூட். இங்கே புதியவர்கள் அடிபடுகிற ஓரிடம் உண்டு. 2022 நவம்பரில் வந்த மூன்றாம் பதிப்புக்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். அதோடு ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பல பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. பழைய வீடியோவைப் பார்த்துப் புதிய புரொஜெக்டில் தட்டினால் இம்போர்ட் வரியிலேயே சிவப்புக் கோடு விழும். பாடத்தின் முதல் இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். என்டிட்டி, சேர்வ்லெட் போன்றவை ஜாவாஎக்ஸில் இருந்து வந்தால் பாடம் பழையது. ஜேடிகேயோடு வரும் ஸ்விங் போன்றவை இன்னும் ஜாவாஎக்ஸ்தான், அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

லைப்ரரியைப் புதுப்பிக்காமல் விடுவதன் விலை 2021 டிசம்பரில் எல்லோருக்கும் தெரிந்தது. லாக்4ஜே என்ற பதிவு எழுதும் லைப்ரரியில், வெளியாள் அனுப்பிய ஒரு வரியைப் பதிவு செய்தாலே அவர் கோட் உங்கள் சேர்வரில் ஓடிவிடக்கூடிய ஓட்டை. லாக்4ஷெல் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் லாக்4ஜே சேர்க்கவே இல்லையே என்று நிம்மதியாக இருந்த பல புரொஜெக்டுகளில் வேறொரு லைப்ரரி அதை இழுத்து வந்திருந்தது. ஆகவே எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்ற சார்பு மரத்தை மேவனில் காட்டும் கட்டளையை இன்றே ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதியது ஐந்து வரி, வந்து இறங்கியிருப்பது எத்தனை என்று தெரியும். எவற்றுக்குப் புதிய பதிப்பு இருக்கிறது என்று காட்டும் வெர்ஷன்ஸ் பிளகினும் உண்டு.

ஏழாம் படி: எப்போது பார்ப்பது?

ஜாவாவின் பாதுகாப்புத் திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களில் மூன்றாம் செவ்வாய்க்கிழமை வரும். பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஞாபகத்தில் நிற்கும். அந்த வாரத்தில் உங்கள் பதிப்பின் திருத்தத்தை மட்டும் இறக்குங்கள். மார்ச், செப்டெம்பர் வந்தால் புதிய பதிப்பில் எந்தெந்த ஜெப் நிலையாகியிருக்கிறது என்ற பட்டியலை வாசித்து, உங்களுக்குப் பயன்படும் ஒன்றை ஜேஷெல்லில் செய்து பாருங்கள். ஒன்று போதும். தினமும் செய்தி பார்த்து ஒன்றும் எழுதாமல் இருப்பவரைவிட நீங்கள் முன்னே இருப்பீர்கள்.

வேலை கிடைத்த பிறகு

அங்கே ஜாவா 8 ஓடிக்கொண்டிருக்கலாம். மனம் சோர வேண்டாம், உடனே எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன் என்றும் நிற்க வேண்டாம். அந்தக் கோடில் சம்பளப் பட்டியல் ஓடும், வங்கிக் கணக்கு ஓடும். முதலில் அதன் வேலையைப் புரிந்துகொண்டு, நீங்கள் தொடும் பகுதிக்கு ஜேயூனிட் சோதனை எழுதுங்கள். பதிப்பை உயர்த்துவோமா என்று அக்கா அண்ணாமார் கேட்கிற நாளில் ஜேடிகேயோடு வரும் ஜேடெப்ஸ், ஜேடெப்ர்ஸ்கேன் என்ற இரண்டு கருவிகளையும் அந்த ஜார் கோப்புகள்மேல் ஓட்டிக் காட்டுங்கள். ஜாவாவின் உட்பகுதியை நேராகத் தொடுகிற இடங்களை முதலாவதும், வழக்கொழிந்த மெதட்டுகளை அழைக்கிற இடங்களை இரண்டாவதும் பட்டியல் போடும். 8 இல் இருந்து 17 க்குப் போகும்போது கோட் உடைகிற இடங்களில் நிறைய அந்தப் பட்டியலில்தான் இருக்கும். 11 இல் ஜேடிகேயை விட்டு வெளியேறிய எக்ஸ்எம்எல் பைண்டிங் போன்றவற்றை மேவனில் தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் மாற்றங்களை ஓபன்ரீரைட் என்ற கருவி தானாகச் செய்துதரும், ஆனால் அது செய்த ஒவ்வொரு கோப்பையும் கமிட் செய்வதற்கு முன் கண்ணால் பாருங்கள். பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே சோதனைகளை ஓட்டி, இரண்டிலும் பச்சை வந்த பிறகு அடுத்த மொடியூலுக்குப் போங்கள்.